ஆறாம் நிலையம், மூன்று பாகம்

கச்சான் அடித்து ஓய்ந்த ஆவணியில்
இரும்புக் கவ்வி கடித்தெடுத்த ஒரு வாய்ச் சேற்றில்
இருநூற்றுப் பன்னிரண்டு.
பச்சரிசிக் குருணை அளவு நத்தைகள்,
விளக்கைக் கண்டால் சுருளும் நூற்புழுக்கள்,
கண் மட்டும் கறுத்த கூனிக் குஞ்சுகள்,
தன் சங்கைவிடப் பெருத்துப்போன ஒரு சங்குநண்டு.
எண்ணி முடிக்க இரவு பதினொன்று.

பிறகு வாடை திரும்பியது.
மகாவலி
மரம், செத்த மாடு, யாருடையதோ ஒரு நீலக் கதிரை
எல்லாவற்றையும் தூக்கி வந்து
கொட்டியாரக் குடாவில் கவிழ்த்தது.
மார்கழியில் அதே இடம், அதே கவ்வி.
சல்லடையில்
இலைத் துண்டு, கரி, மணல்.
பெட்டிக்குள் சுழியம் போட்டேன்.

"வெள்ளத்தில் செத்திருக்கும். இறப்பு என்று எழுதும்,"
என்றார் அருள்நேசன் சேர்.
செத்தால் கோது இருக்கும், சேர்.
கோதும் இல்லை.
அவர் பேனையை மூடினார்,
வேறு வேலை இருந்தது.

முசம்மில் விரலைக் கடலில் விட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"இனிச்சுப் போச்சு. இனி இதுகள் இஞ்ச நிக்காது,
கீழ இறங்கியிருக்கும்."
கொஞ்ச நேரம் கயிற்றைச் சுருட்டினான்.
"எங்கட மூதூர் வீட்டுக்கும் ஒருதரம்
இப்பிடித்தான் எழுதிட்டுப் போனாங்க, ஆளில்லை எண்டு.
நாங்க கந்தளாயில
ஒரு பள்ளிக்கூடத்துல இருந்தோம்."
பிறகு இயந்திரத்தை உதைத்தான்.

தையில் இரண்டு நாள் மழை விட்டது.
டீசல் என் காசு.
ஐந்து பாகத்தில் ஒன்றுமில்லை.
ஏழில் ஒரு புழு, அதுவும் பாதி.
ஒன்பதில் கவ்வி கனத்து வந்தது:
எண்பத்தெட்டு.
எல்லாம் கதவடைத்து,
சேற்றை நெற்றிவரை இழுத்துப் போர்த்தபடி.
அதற்கு அப்பால்
நாற்பது பாகக் கயிறும் தரை தொடவில்லை.
மேல்நீர் இனிக்க, கீழ்நீர் கரிக்க,
அந்தக் கிடங்கின் உதட்டில்
வந்து நின்றிருந்தன.

பாலத்தில் பஸ் நின்றுவிட்ட ஒரு மாலை
பயணச்சீட்டின் பின்புறம் கணக்குப் பார்த்தேன்.
அறுநூறு மீற்றர், ஐம்பது நாள்.
ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மீற்றர்,
கடுகளவு பாதத்தால்.
பக்கத்து இருக்கைப் பெண்
எவ்வளவு கடன் என்று கேட்டாள்.

பங்குனி.
தண்ணீர் தெளிந்து முழங்கால் தெரிந்தது.
அடிச்சேற்றில் கோடுகள்.
ஊசியால் கீறியது போல,
சில வளைந்து, சில ஒன்றையொன்று வெட்டி,
ஒன்று தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து,
ஆனால் பெரும்பாலும்
கரைப் பக்கம்.
நான் அசையாமல் நின்றேன்.
அசைந்தால் கலங்கிவிடும்.

மூன்று பாகத்தில் கவ்வியை இறக்கினோம்.
நாற்பத்தொன்று. அதில் ஒரு சங்குநண்டு,
நீல நிறத்தில் ஏதோ ஒரு மூடியைச் சுமந்துகொண்டு.
"ஆவணியில கண்டதுதான் இது," என்றான் முசம்மில்.
இல்லை.
அது மேசைக்குக் கீழே, இரண்டாம் தட்டில்,
மருந்துத் தண்ணீரில் இருக்கிறது,
சிவப்புச் சாயம் ஏறி, கால் மடக்கி,
என் கையெழுத்தில் திகதி ஒட்டி.

இருநூற்றுப் பன்னிரண்டு என்று
நான் எழுதியவைதான் திரும்பவில்லை.
சுழியம் என்று எழுதியவை
இதோ, சல்லடையில் நடக்கின்றன.

மருந்துப் போத்தலின் மூடி கையில் இருந்தது.
முசம்மில் என்னைப் பார்க்கவில்லை,
கரையில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.
நண்டை இரண்டு விரலால் எடுத்து
வள்ளத்தின் மறுபக்கம் விட்டேன்.

தாளில் நாற்பது என்று இருக்கிறது.
சேர் ஒப்பம் வைத்துவிட்டார்.